வயசு மட்டுமா காரணம்? வீட்டுக்குள் வளரும் தள்ளாமை

நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது சேலம்–நாமக்கல் தேசிய நெடுஞ்சாலை. இது போன்ற நான்கு வழிச் சாலையில் ஒரு பக்கத்து வாகனப் பாதை மட்டும் சுமார் 7 மீட்டர் அகலம். நல்ல நடையுள்ளவர் அதை 6 வினாடியில் கடந்துவிடுவார். நடை தளர்ந்த முதியவருக்கு 11 வினாடி பிடிக்கும். இந்த 5 வினாடி இடைவெளிக்குள், 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி நூறு மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும்.

11 வினாடி என்பது குத்துமதிப்பான கணக்கு அல்ல. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவருடைய குழுவினரும் 65 வயதைத் தாண்டிய 5,317 பேரை ஆராய்ந்து, தள்ளாமையை அளக்க 2001-ல் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். அவற்றில் ஒன்று நடை. உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்து, 15 அடி தூரம் நடக்க 6 அல்லது 7 வினாடி ஆகிவிட்டால் நடை தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த 7 வினாடி நடையோடு நெடுஞ்சாலையில் இறங்கினால் ஆகும் நேரம்தான் 11 வினாடி. மற்ற நான்கு: முயற்சி எதுவும் இல்லாமலே ஓராண்டில் நாலரைக் கிலோவுக்கு மேல் எடை குறைவது, எதைச் செய்வதும் பெரும்பாடாகத் தோன்றும் சோர்வு, கைப்பிடியின் இறுக்கம் தளர்வது, மொத்த நடமாட்டமே சுருங்குவது. ஐந்தில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி.

அந்த முந்தைய படிதான் முக்கியம். அங்கிருந்து திரும்பி வர முடியும். தள்ளாமை முற்றிய உடம்போ சின்ன அடியைக்கூடத் தாங்காது. நான்கு நாள் காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு, புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஆளைக் கட்டிலில் தள்ளிவிடும். அதற்குப் பிறகு எழுந்து நடந்தாலும் பழைய நடை பல நேரங்களில் திரும்புவதில்லை.

தமிழகத்துக்கு இது தள்ளிப்போடக்கூடிய கவலை அல்ல. மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 விழுக்காடு, 2031-ல் அது 18.2 விழுக்காடாகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் இதுதான். இவர்களில் மிகப் பெரும்பாலோர் வசிப்பது முதியோர் இல்லத்தில் அல்ல, சொந்த வீட்டில். அதனால் காரணங்களையும் வீட்டுக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் காரணம். வயது ஏற ஏறத் தள்ளாமைக்கான வாய்ப்பும் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் எழுபதிலேயே சுவரைப் பிடித்து நடப்பவரும் உண்டு, தொண்ணூறில் களையெடுப்பவரும் உண்டு. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் தம் இரண்டரை ஏக்கர் நிலத்தில் வேலை பார்த்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2024-ல் காலமானார். ஒருவரை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது. வயது ஒன்றே காரணமில்லை என்பதற்கு மட்டும் அவரைச் சாட்சியாக வைக்கலாம்.

சரி, வேறென்ன காரணம்? சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்கலாம். முட்டை கொழிக்கும் இந்த மாவட்டத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இந்தப் பக்கத்து முதியவர் ஒருவரின் ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் டீ, இரண்டு வறுக்கி. பிறகு இரண்டு இட்லி. மதியம் ரேஷன் அரிசிச் சோறு, ரசம், கொஞ்சம் பொரியல், ஒரு டம்ளர் மோர். ராத்திரி மீண்டும் இரண்டு இட்லி. பல் இல்லாதவர் என்றால் பால் ஊற்றிப் பிசைந்த சோறு. இத்தனையிலும் சேர்த்துப் புரதம் 20 முதல் 25 கிராம் தேறினால் அதிகம். முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது 2013-ல் சர்வதேச வல்லுநர் குழு தந்த பரிந்துரை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். அதாவது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவருக்கே பாதியோ அதற்கு மேலோ பற்றாக்குறை. குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியை அவித்துச் சாப்பிடும் நாளில் இன்னும் மோசம். அதில் இருப்பதெல்லாம் மாவுச்சத்துதான், புரதம் பேருக்குத்தான்.

பற்றாக்குறையை உடம்பு எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும். தொடையிலும் தோளிலும் இருக்கும் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. சேலை மடிப்புக்குள்ளும் வேட்டிக்குள்ளும் நடக்கும் இந்த இழப்பு, ரவிக்கையும் வளையலும் தொளதொளக்கும் வரை யார் கண்ணிலும் படுவதில்லை. இன்னொரு சிக்கல், தொப்பை உள்ளவருக்கும் தசை கரையும். "நல்லாத்தானே குண்டா இருக்காங்க" என்று பேரன் சொல்வதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது.

புதுச்சத்திரத்தைச் சுற்றிலும் கோழிப்பண்ணைகள். நாமக்கல் மண்டலத்திலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்புகிறது, கேரளத்துக்கும் கடல் கடந்தும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். பல் இல்லாத வாய்க்கும் ஏற்ற பண்டம். இருந்தும் வீட்டில் முட்டை முதலில் பேரப்பிள்ளைக்கு, அடுத்து வேலைக்குப் போகிறவருக்கு. அம்மாயியிடம் கேட்டால், "எனக்கெதுக்குங் கண்ணு, சூடு" என்பார். அல்லது கொழுப்புக்குப் பயந்து யாரோ எப்போதோ நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உணவுக் கொலஸ்ட்ரால் கூடாது என்ற உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியே தன் 2015–2020 பதிப்பில் கைவிட்டுவிட்டது. முட்டை தொடாத வீடுகளும் இங்கே நிறைய. அவர்களுக்குக் கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, தயிர் இருக்கின்றன. கடலையைப் பொடியாக்கிச் சோற்றில் போட்டால் பல் ஒரு சாக்காகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

உணவுக்கு அடுத்த காரணம் கொஞ்சம் சங்கடமானது, ஏனென்றால் அது பாசத்தின் வேஷத்தில் வருகிறது. "நீங்க சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்." ஆட்டை அவிழ்த்துக் கட்டுவது, கட்டுத்தரை கூட்டுவது, தண்ணீர் தூக்குவது என்று ஒவ்வொரு வேலையாக மகனும் மருமகளும் வாங்கிக்கொள்கிறார்கள். தோட்டத்து வீட்டை விட்டு டவுனுக்குக் குடிபெயர்ந்தால் ஒரே நாளில் எல்லாம் பறிபோகிறது. மிஞ்சுவது கட்டிலும் டி.வி.யும்.

சும்மா இருப்பதன் விலையை 2007-ல் ஓர் ஆய்வு அளந்தது. நோய்நொடி இல்லாத, சராசரி 67 வயதுக்காரர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனது. ஆஸ்பத்திரியில் நிமோனியாவுக்குப் பத்து நாள் படுத்து வரும் எழுபது வயதுக்காரர் ஏன் கைத்தாங்கலாகத் திரும்புகிறார் என்பது இதில் விளங்கும். காய்ச்சல் மாத்திரையால் போகும். தசை மாத்திரையால் வராது.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு, அது இன்னும் சுவையானது. 1990-ல் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் தள்ளாத நிலையிலிருந்த பத்துப் பேருக்கு, சராசரி வயது 90, எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஆய்வுக்கு வந்தவர்கள் பத்தே பேர்தான். ஆனால் தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் கேட்கும் என்பது அதன் பிறகு பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. வெறும் நடை மட்டும் போதாது. உட்கார்ந்து எழுவது, கனம் தூக்குவது போன்றவையும் வேண்டும். அரைக் குடம் தண்ணீரைத் தூக்கினாலும் அது பயிற்சிதான்.

அடுத்தது மாத்திரைப் பை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. கட்டுப்படாத சர்க்கரை தசையையும் நரம்பையும் ஒருசேரத் தின்னும் என்பதால் இது பெரிய உதவி. தொல்லை வருவது வேறு இடத்தில். அரசு மாத்திரையோடு தனியார் டாக்டர் எழுதியது, மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது, தூக்கத்துக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே மஞ்சள் பையில் சேர்கின்றன. ஐந்துக்கு மேல் போனாலே தள்ளாமையும் தடுக்கி விழும் ஆபத்தும் கூடும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை போட்டால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கும். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கினால் கண் இருட்டும். பண்ணை வீடுகளில் கழிப்பறை வெளியில், வாசற்படி உயரம், வெளிச்சம் குறைவு. விழுவதற்கு வேறென்ன வேண்டும்?

கண்புரை, காது மந்தம், ரத்தசோகை, பல் இழப்பு, புகை ஆகியவையும் பட்டியலில் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு அரசு மருத்துவமனையிலேயே மருத்துவம் கிடைக்கிறது. கேட்டுப் போகிறவர்கள்தான் குறைவு.

தனிமையை அப்படி ஒரு வரியில் கடந்துவிட முடியாது. கொங்குப் பக்கத்தில் வீடுகள் தெருவாக அமைவதைவிட அவரவர் தோட்டத்தில் தள்ளித்தள்ளி அமைவது வழக்கம். மகன் லாரியில் வட மாநிலத்திலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானிலோ இருப்பான், மகள் பெங்களூரில். கணவர் போன பிறகு, ஓர் ஆளுக்காக அடுப்பு மூட்ட எந்த அம்மாவுக்கும் மனம் வருவதில்லை. காலையில் வடித்த சோறே ராத்திரிக்கும். மனச்சோர்வு பசியைக் குறைக்கிறது, குறைந்த பசி தசையைக் குறைக்கிறது, தசை குறைந்தவர் வாசலைத் தாண்டுவதில்லை. பெண்கள், துணையை இழந்தவர்கள், பள்ளிக்கூடம் போகாதவர்கள், கையில் காசில்லாதவர்கள் ஆகியோரிடம் தள்ளாமை அதிகம் என்பது இந்திய ஆய்வுகள் பலவற்றில் வரும் முடிவு. இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்வது நம் ஊர்களில் அபூர்வம் இல்லை. முதியோர் உதவித்தொகை 2023-ல் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் நாளுக்கு 40 ரூபாய். அதில் பருப்பு, பால், ஆட்டோ, மாத்திரை எல்லாம் அடங்க வேண்டும் என்பது நடக்காத காரியம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கைப்பிடியில்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். ஆசியத் தசைநலிவு வல்லுநர் குழு 2019-ல் வகுத்த அளவின்படி, 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவே முடியாவிட்டால் நேரம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

அப்படி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்த மஞ்சள் பையை அப்படியே, கடையில் வாங்கியது உட்பட, எடுத்துப் போய் எது தேவை, எதை நிறுத்தலாம் என்று கேட்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு பார்க்கச் சொல்லலாம். ரத்த அழுத்தத்தைப் படுத்தபடியும் நின்றபடியும் இரண்டு முறை எடுக்கச் சொல்வது நல்லது. பரபரப்பில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான். நடமாட முடியாதவருக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார்; மருந்து கொண்டுவரும் தன்னார்வலரிடம் பெயர் கொடுத்தால் போதும். மேல்சிகிச்சைக்கு 2022-ல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் எழுதி வைக்க வேண்டியவை இரண்டு: மாதாமாதம் எடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில் எடுத்த வினாடிக் கணக்கு.