பாய்மரப் படகுக்கான அவுட்போர்டு மோட்டாரின் அளவு

அவுட்போர்டு மோட்டார் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பொருத்தப்படும், கழற்றி எடுக்கக்கூடிய இயந்திரம் ஆகும். எஞ்சின், செங்குத்தான தண்டு, பற்சக்கரங்கள், விசிறி ஆகியவை இதில் ஒரே தொகுதியாக அமைந்துள்ளன. சிறிய பாய்மரப் படகுகளில் இது துணை இயந்திரமாகவே பயன்படுகிறது. காற்று நின்றுவிட்டபோதும், துறைமுகத்தின் குறுகிய வாயிலில் நுழையும்போதும், படகைத் துறையில் கட்டும்போதும் இதன் உதவி தேவைப்படுகிறது. பெரிய பாய்மரப் படகுகளில் பெரும்பாலும் உட்புற டீசல் எஞ்சின் பொருத்தப்படுகிறது.

குதிரைத்திறன் கூடினால் வேகமும் கூடும் என்பது விரைவுப் படகுகளுக்குப் பொருந்தும். பாய்மரப் படகுக்கு அது ஓரளவுக்கு மேல் பொருந்தாது. படகின் எடை, எதிர்க்காற்று, அலை ஆகியவற்றை வெல்லத் தேவையான விசையைக் கொண்டே இங்கு மோட்டாரின் அளவு முடிவு செய்யப்படுகிறது.

வேகத்தின் எல்லை

கனமான அடிப்பகுதி கொண்ட பாய்மரப் படகு நீரின் மேல் வழுக்கிச் செல்வதில்லை. நீரை விலக்கிக்கொண்டு செல்கிறது. அப்போது முன்முனையில் ஓர் அலை எழுகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் பெற, அலையின் மீது ஏறுவதற்கு ஒப்பான பெரும் ஆற்றல் தேவைப்படும். இந்த எல்லை படகுடல் வேகம் எனப்படுகிறது. அலைத் தடையைப் பற்றிய முறையான ஆய்வுகளை இங்கிலாந்தின் பொறியாளர் வில்லியம் ஃபிரூட் 1870-களில் மாதிரிக் கப்பல்களைக் கொண்டு மேற்கொண்டார்.

இதைக் கணக்கிடும் எளிய வாய்பாடு:

படகுடல் வேகம் (நாட்) = 2.43 × √நீர்க்கோட்டு நீளம் (மீட்டர்)

ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் ஆகும். எடுத்துக்காட்டாக, ராட் ஜான்ஸ்டோன் வடிவமைத்த ஜே/24 என்னும் படகின் நீர்க்கோட்டு நீளம் ஏறத்தாழ 6.1 மீட்டர். எனவே அதன் படகுடல் வேகம் சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். அதில் 6 குதிரைத்திறன் மோட்டாருக்குப் பதிலாக 20 குதிரைத்திறன் மோட்டாரைப் பொருத்தினாலும் இந்த எல்லையைத் தாண்டிக் கிடைக்கும் வேகம் மிகச் சொற்பமே.

தேவைப்படும் திறன் தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 5 நாட் வேகத்தில் செல்லும் படகை 6 நாட்டுக்குக் கொண்டுவர, குறைந்தது 1.7 மடங்கு திறன் வேண்டும். எல்லையை நெருங்கும்போது இது இன்னும் கூடுகிறது.

எடையும் குதிரைத்திறனும்

படகின் இடப்பெயர்ச்சி எடையே கணக்கின் தொடக்கம். ஒரு டன்னுக்கு 4 குதிரைத்திறன் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை விதி. ஆட்கள், தண்ணீர், எரிபொருள், பொருட்கள் ஆகியவற்றின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

• 0.5 டன்: 2 முதல் 2.5 குதிரைத்திறன்
• 1 டன்: 4 குதிரைத்திறன்
• 1.5 டன்: 6 குதிரைத்திறன்
• 2 முதல் 2.5 டன்: 8 முதல் 9.9 குதிரைத்திறன்

ஜே/24 படகின் எடை சுமார் 1.4 டன். விதிப்படி 5.6, அதாவது 6 குதிரைத்திறன் மோட்டார் போதும். ஏரி போன்ற அமைதியான நீர்ப்பரப்பில் மட்டும் செல்லும் படகுக்கு டன்னுக்கு 2.5 முதல் 3 வரை போதுமானது.

அளவு குறைந்தால்

அமைதியான நீரில் 2.5 குதிரைத்திறன் மோட்டார் கூட ஒரு டன் படகை நகர்த்திவிடும். சோதனை வருவது மோசமான வானிலையில்தான். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 10 நாட் காற்றைவிட 20 நாட் காற்று நான்கு மடங்கு விசையுடன் படகைத் தள்ளும். பாயை இறக்கிய பின்னும் பாய்மரமும் கயிறுகளும் காற்றைத் தடுத்து நிற்கின்றன. காற்று கரையை நோக்கி வீசும்போது மோட்டாரால் எதிர்த்துச் செல்ல முடியாவிட்டால் படகு பாறையிலோ மணல்திட்டிலோ மோதும். ஆகவே எவ்வளவு நல்ல மோட்டார் இருந்தாலும், கரைக்கு அருகில் நங்கூரத்தைத் தயாராக வைத்திருப்பது கடலோடிகளின் வழக்கம்.

மிகச் சிறிய மோட்டார்கள் பலவற்றில் பின்னோக்கிச் செலுத்தும் கியர் இல்லை. மோட்டாரையே முழுவதுமாகத் திருப்பித்தான் படகை நிறுத்த வேண்டும். நெரிசலான துறையில் இது கடினம்.

அளவு மிகுந்தால்

2.5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 13 கிலோ எடை கொண்டது. 6 குதிரைத்திறன் மோட்டார் 25 கிலோவை ஒட்டியும், 9.9 குதிரைத்திறன் மோட்டார் பெரும்பாலும் 35 கிலோவுக்கு மேலும் இருக்கும். இந்த எடை முழுவதும் படகின் கடைசி முனையில் தொங்குவதால் பின்புறம் தாழ்கிறது. பாய் விரித்துச் செல்லும் வேகமும் குறைகிறது. பின்பலகையும் தாங்கியும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியுள்ளது.

குதிரைத்திறன் குறைந்தால் எடையும் குறையும் என்று எப்போதும் சொல்ல முடியாது. டொஹாட்சு நிறுவனத்தின் 4, 5, 6 குதிரைத்திறன் மோட்டார்கள் 123 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரே எஞ்சினைக் கொண்டவை. எனவே அவற்றின் எடையில் பெரிய வேறுபாடு இல்லை.

விசிறியும் உந்துவிசையும்

கனமான படகை மெதுவாகத் தள்ள, விட்டம் பெரிதாகவும் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் குறைவாகவும் உள்ள விசிறி ஏற்றது. அது மெதுவாகச் சுழன்று அதிக நீரைத் தள்ளும். யமஹாவின் 9.9 குதிரைத்திறன் மோட்டார்களில் சாதாரண வகையின் பற்சக்கர விகிதம் 2.08:1, உயர் உந்துவிசை வகையில் 2.92:1. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 முறை சுழன்றால் முதலாவதில் விசிறி சுமார் 2400 முறையும், இரண்டாவதில் சுமார் 1700 முறையும் சுழலும். குதிரைத்திறன் சமமாயினும் பாய்மரப் படகுக்குப் பின்னதே பொருத்தமானது.

தண்டின் நீளம்

மோட்டாரின் தண்டு பொதுவாக 38, 51, 64 சென்டிமீட்டர் ஆகிய மூன்று நீளங்களில் கிடைக்கிறது. அலையில் படகின் பின்புறம் மேலெழும்போது குட்டைத் தண்டு கொண்ட மோட்டாரின் விசிறி நீருக்கு வெளியே வந்துவிடும். அப்போது உந்துவிசை அற்றுப்போகும். எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமாகச் சுழலும். குளிர்விக்கும் நீரும் தடைபடலாம். விசிறி நீருக்குள் நிற்காவிட்டால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை. இதனால் பாய்மரப் படகுகளுக்கு 51 அல்லது 64 சென்டிமீட்டர் தண்டு பரிந்துரைக்கப்படுகிறது.

மின் மோட்டார்கள்

மின் அவுட்போர்டு மோட்டார்களின் திறன் வாட்டில் குறிக்கப்படுகிறது. இவற்றில் மின்கலத்தின் கொள்ளளவே முதன்மையானது. 1 கிலோவாட் மோட்டார் 1 கிலோவாட்-மணி மின்கலத்தைக் கொண்டு முழுத் திறனில் ஒரு மணி நேரமே இயங்கும். ஆனால் மும்மடி விதியின்படி வேகத்தைப் பாதியாக்கினால் தேவை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும். செல்லக்கூடிய தூரமும் பலமடங்கு கூடும். துறையிலிருந்து வெளியேறித் திரும்பி வருவதற்கு இவை ஏற்றவை. நீண்ட தூரம் எதிர்க்காற்றில் செல்ல வேண்டிய படகுகளில் பெட்ரோல் மோட்டார்களே இன்றும் மிகுதியாகப் பயன்படுகின்றன.