கண் இருக்கிறது, கைமுதல் இல்லை

பொள்ளாச்சி வட்டாரத்துக் கயிறு ஆலைகளின் பின்னால் தென்னை நார்க்கழிவு ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து கிடந்தது. மட்டையை அடித்து நாரைப் பிரித்தால், நாரைவிட அதிகம் மிஞ்சுவது இந்தத் தூள்தான். சாலையோரம் கொட்டினார்கள், கொளுத்தினார்கள். இன்று அதையே உப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்து, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் அந்தத் தூளில்தான் வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் தக்காளியும் மிளகாயும் விளைகின்றன.

எல்லோர் கண்முன்னும் கிடப்பதை ஒருவர் மட்டும் வாய்ப்பாகக் காண்கிறாரே, அந்த விழிப்புதான் தொழில்முனைவின் உயிர் என்று 1973-ல் எழுதினார் பொருளியலாளர் இஸ்ரேல் கிர்ஸ்னர். விவசாயக் கூலிகளுக்கு அந்த விழிப்பை அவர்களின் அன்றாட வேலையே கற்றுத்தருகிறது.

காவிரி டெல்டாவில் அறுவடைக்கு வெளிமாவட்ட இயந்திரங்கள் வந்து இறங்குகின்றன. யார் வயல் முற்றிவிட்டது, எங்கே டயர் வண்டி புதையும், எங்கே பெல்ட் வண்டிதான் இறங்கும், எந்த வரப்பை வெட்டினால் சண்டை வரும் என்பதெல்லாம் வண்டிக்காரருக்குத் தெரியாது. உள்ளூர் ஆளுக்கு மனப்பாடம். அப்படித் தெரிந்தவர்கள் வண்டிக்கு வேலை பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறார்கள். அரிவாளின் வேலையைப் பறித்த இயந்திரத்திடமே பிழைப்பைக் கண்டுபிடித்த சாமர்த்தியம் இது.

ஆனால் கமிஷன் வாங்குபவர் எப்போது வண்டி வாங்குவார்? திருப்பூர் பனியன் தொழில் குறித்த ஆய்வாளர் ஷரத் சாரியின் 2004-ஆம் ஆண்டு நூல் இதற்கு ஒரு விடை தருகிறது. விவசாயப் பின்னணியிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் உயர்வுக்குச் சொன்ன காரணம்: உழைப்பு. அந்த உழைப்புக்குப் பின்னால் உறவும் சாதியும் திரட்டித் தந்த கடனும் பங்குக் கூட்டும் இருந்ததை நூல் காட்டுகிறது. அதே அளவு உழைத்த தலித் தொழிலாளிக்கு அந்தப் பின்பலம் வாய்க்கவில்லை.

2015-ல் வந்த முத்ரா திட்டம் அடமானமில்லாக் கடன் தருகிறது. நல்லதுதான். ஆனால் தினக்கூலியை விட்டுவிட்டுப் புதுத் தொழிலில் இறங்குபவருக்கு, அது காலூன்றும்வரை அடுப்பெரிய வேண்டுமே! தோற்றால் வட்டிக்காரர் வாசலில் நிற்பாரே! இந்த இரண்டு பயங்களையும் போக்காமல் தொழில்முனைவுப் பயிற்சி முகாம் நடத்துவது, ஏற்கெனவே விழித்திருப்பவரை எழுப்பும் வேலை.