தியேட்டரை இடித்தாயிற்று, கோப்புகளையாவது காப்பாற்றுங்கள்

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பார்க்க இன்றும் வேன் வேனாக ஆட்கள் போகிறார்கள். கூரையில்லாத தேவாலயத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். கடல் இடித்ததற்கு இருக்கும் மவுசு, மனிதர் கடப்பாரை போட்டு இடித்ததற்கு இல்லை. ராமநாதபுரம் சீமையிலும் சரி, தமிழ்நாட்டின் மற்றச் சிற்றூர்களிலும் சரி, பழைய தியேட்டர் மனையில் கல்யாண மண்டபமோ ஜவுளிக்கடையோ எழும்பிவிட்டால், ஊரில் மிஞ்சுவது பஸ் நிறுத்தத்தின் பெயரும் பெரியவர்களின் நினைவும்தான். அந்த நினைவை மட்டும் நம்பி இந்தத் தியேட்டர்களின் வரலாற்றை எழுதக் கூடாது என்பது என் கட்சி.

நினைவு நல்லதையே பொறுக்கி எடுக்கும். சாதி மதம் பாராமல் ஊரே ஒரு கூரைக்குள் உட்கார்ந்தது என்று சொல்லும். உட்கார்ந்தது உண்மைதான், ஆனால் தரை, பெஞ்சு, சேர் என்று பிரிந்து உட்கார்ந்தது. பெண்களுக்குத் தனித் தடுப்பு. யார் கையில் எவ்வளவு காசு என்பதை உட்காரும் இடமே காட்டிக் கொடுத்தது. கீற்றுக் கொட்டகையின் காற்றோட்டத்தைப் பாராட்டுபவர்கள், இதே மன்னார் வளைகுடாக் கரையில் 1979இல் தூத்துக்குடி டூரிங் டாக்கீஸ் ஒன்று தீப்பற்றிப் பலர் மாண்டதைப் பேசுவதில்லை. தியேட்டர் ஏன் போனது என்று கேட்டாலும் 'டி.வி. கெடுத்தது' என்று ஒரே பதில். 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், உயரமான ஆன்டெனா வைத்து அதைப் பிடித்துப் பார்த்த கடற்கரை இது. டி.வி.தான் எமன் என்றால் அப்போதே எல்லாம் மூடியிருக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் பல அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடின. மதுரை தங்கம் தியேட்டரைப் பாருங்கள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது, 2,563 இருக்கைகள். அவ்வளவு பெரிய அரங்கும் இடிபட்டு, அங்கே ஜவுளிக்கடை வந்தது. நடு ஊர் மனையின் விலைக்கு முன்னால் நான்கு காட்சி வசூல் எம்மாத்திரம்? டி.வி. கூட்டத்தைக் குறைத்திருக்கலாம், இடிக்கச் சொன்னது நிலம்.

இதைச் சிற்றூர் தியேட்டர்களுக்கும் நிரூபிக்க வேண்டுமானால் காகிதம் வேண்டும். காகிதம் எழுதப்படாமலில்லை. 1955ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி தியேட்டர் உரிமம் கலெக்டர் கையில். ஒரு கொட்டகை திறக்க வரைபடம் கொடுக்க வேண்டும்; கட்டட உறுதிக்குப் பொதுப்பணித்துறைச் சான்று, மின்சாரத்துக்கு ஆய்வாளர் சான்று. எத்தனை இருக்கை, எத்தனை வாசல், ஆபரேட்டர் அறை நெருப்புக்குத் தாங்குமா, மணல் வாளி எங்கே என்பதெல்லாம் அந்தக் கோப்பில் சேரும். போதாததற்கு 1939ஆம் ஆண்டுக் கேளிக்கை வரிச் சட்டம்: எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று காட்சிவாரியாகக் கணக்கு. நினைவால் பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு இங்கேதான் விடை. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்குத் தரைவழி என்றால் ரயில் மட்டுமே. பாலத்துக்குப் பிறகு படப்பெட்டி எத்தனை வாரம் முந்தி வந்தது? மீன்பாடு இல்லாத மாதங்களில் தரை டிக்கெட் குறைந்ததா, ஏறியதா?

வரிக்குப் பயந்து எழுதிய கணக்கை நம்பலாமா என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். சில முதலாளிகள் டிக்கெட்டை மறைத்தார்கள் என்பது ஊரறிந்த புகார். ஆனால் உரிமத்தில் உள்ள இருக்கை எண்ணையும் விற்றதாகக் காட்டிய எண்ணையும் பக்கத்தில் வைத்தால் பொய்யும் ஓரளவு பிடிபடும். முப்பது ஆண்டு கழித்துச் சொல்லும் நினைவை இப்படி எதனோடு ஒட்டிப் பார்ப்பது? இன்னொரு கூட்டம், கேளிக்கைக் கூடத்துக்கு எதற்கு ஆவணம் என்று சிரிக்கும். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த கோட்டையூரின் ரோஜா முத்தையாவைப் பார்த்தும் அப்படிச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போட்டதையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது.

1985இல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்குப் போனது. பழைய பதிவேடுகளுக்கு இனி அலுவலகத்தில் வேலை இல்லை. காலம் கடந்த கோப்பைக் கழித்துவிட விதியும் இடம் தருகிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஆட்சியர் அலுவலகங்கள் மூடிய தியேட்டர்களின் உரிமக் கோப்புகளைத் தனியே எடுத்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். தியேட்டர் நடத்திய குடும்பத்தாரும் பரணில் கிடக்கும் வசூல் நோட்டையும் உரிம நகலையும் எடைக்குப் போடும் முன், ஒரு நூலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.