யூரியாப் பசளையை வீணாக்காது இடும் முறை

பயிர் வைப்பதற்கு முன் தோட்டத்தில் மாட்டுப்பட்டி அடைக்கும் வழக்கத்தைக் கமக்காரர் நன்கறிவர். விடியற்காலையில் பட்டியருகே சென்றால் மூக்கை அரிக்கும் நெடியொன்று எழும். மாட்டுச் சலத்திலுள்ள யூரியா சிதைந்து, அமோனியா வாயுவாக வெளியேறுவதனாலேயே அந்நெடி உண்டாகின்றது. கடையிற் பையாக வாங்கும் வெண்மணிகளும் இதே பொருளேயாம். 1828ஆம் ஆண்டில் ஜேர்மானிய இரசாயன அறிஞர் வோலர் இதனை உயிருடலின் உதவியின்றி ஆக்கிக் காட்டினார்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. அதாவது, 50 கிலோகிராம் பையொன்றில் 23 கிலோகிராம். அமோனியஞ் சல்பேற்றிலோ 21 பங்கே உண்டு. இத்துணைச் சத்துள்ள பசளையை இட்டும் பயிர் வெளிறி நிற்கின்றதென்று கமக்காரர் பலர் எம்மிடம் முறையிடுவர். பெரும்பாலும் குறை பசளையிலன்று, இட்ட முறையிலேயே காணப்படும்.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் நொதியம் சில நாட்களுள் யூரியாவை அமோனியாவாக மாற்றிவிடும். இம்மாற்றம் மண்ணினுள் நிகழின் களி அதனைப் பற்றிக்கொள்ளும். மேற்பரப்பில் நிகழின் காற்றோடு போய்விடும். வயலில் நீர் நிறைந்து நிற்கையில் யூரியாவை வீசுதல் இதனாலேயே தவறாகும். நண்பகலில் நீரிலுள்ள பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்ச, நீரின் காரத்தன்மை ஏறி அமோனியா விரைந்து வெளியேறும். ஆதலின், நீரை வடித்து, சேறு மாத்திரம் இருக்கும்போது இடுக. வரிசை நடுகையாயின் களைகட்டும்போதே சேற்றினுட் கலந்துவிடலாம். பின்னர் நீர் பாய்ச்சுக. முழு அளவையும் ஒரே முறையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்திடுக. பயிர் கரும்பச்சையாதலைக் கண்டு மகிழ்வாருமுளர். எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் நாடி வருவது அத்தகைய பயிரையே.

மிளகாய், வெங்காயத் தோட்டங்களில் யூரியாவைச் செடியின் அடியைத் தொடாது இட்டு மண்ணால் மூடுக. சுண்ணாம்பு, சாம்பல் என்பவற்றோடு ஒருபோதும் கலத்தலாகாது.

பசளையிட்டதும் அளவுக்கு மீறி இறைத்தலும் கூடாது. யூரியா நீரோடு எளிதில் இறங்கும். மண்ணில் அது நைத்திரேற்றாக மாறியபின் அதுவும் அவ்வாறே இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது நேரே கிணற்றையே சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாதென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அங்குள்ள கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பாலைப் பருகும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலுவிழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். தோட்டக் கிணற்று நீரையே வீட்டுக்கும் அள்ளுவோர் இதனை முதலிற் கவனித்தல் வேண்டும்.