இரண்டு யமனுக்கும் ஒரே கீதம்

யமனின் தஇஸ் பகுதியில் 1942ல் பிறந்தவர் அய்யூப் தாரிஷ் அப்ஸீ. ஏடனில் படித்தவர். கையில் ஊத் என்னும் நரம்பிசைக் கருவி, பாட்டில் விவசாயியும் வயலும். பிழைப்புக்காக வெளிநாடு போனவனை, ஊர் திரும்பி நிலத்துக்கு நீர் பாய்ச்ச அழைக்கும் அவரது பாடல் நம் சபுராளி வீடுகளுக்கும் புரியும். இறைவனிடம் இறைஞ்சும் பாடல்களும் பாடியிருக்கிறார். (இசைக்கருவி பற்றிய ஃபிக்ஹ் சட்டம் தனி விஷயம், அதை இங்கே பேசவில்லை.)

கவிஞர் அப்துல்லாஹ் அப்துல் வஹ்ஹாப் நுஅமானின் வரிகளுக்கு அவர் அமைத்த மெட்டை 1979ல் தெற்கு யமன் தேசிய கீதமாக்கிக் கொண்டது. இருவருமே வடக்கைச் சேர்ந்தவர்கள்! 1990ல் இரு நாடுகளும் இணைந்தபோதும் அதுவே நீடித்தது. பிறகு உள்நாட்டுப் போர். ஸன்ஆவைக் கையில் வைத்திருக்கும் ஹூஸிகளுக்கும், அவர்களை எதிர்க்கும் அரசுக்கும் இன்றும் அதே கீதம்தான்.