உல்லன் நூல் விற்பனை: சிறு கடைக்காரர் கவனத்துக்கு

மதுரை வெயிலுக்கு உல்லன் நூலா என்று சிலர் சிரிக்கலாம். மளிகையோடு ஃபேன்சி சாமான்களும் வைத்திருக்கும் நமது உறுப்பினர்களுக்கு விஷயம் தெரியும். இங்கே இந்த நூல் குளிருக்காக விற்பதில்லை. வாசல் தோரணம், சாமி படத்துக்கு மாலை, கொலு பொம்மைக்கு உடுப்பு, பிறந்த குழந்தைக்குக் குல்லாய் ஆகியவற்றுக்காகவே வாங்குகிறார்கள். பனிக் காலத்தில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வரத்து குறைந்து விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஒரு முறை பின்னிய நூல் மாலையோ வருடம் முழுக்கப் படத்தில் கிடக்கும். அழுக்கானால் அலசியும் போடலாம்.

பெயர்தான் உல்லன். குறைந்த விலையில் நமக்கு வருவதில் பெரும்பகுதி அக்ரிலிக் நூல். ஆட்டு ரோமம் அல்ல. லூதியானா பக்கத்திலிருந்து நிறைய வருகிறது. அக்ரிலிக் மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். சாயம் எளிதில் போகாது, பூச்சி அரிக்காது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதைக் கம்பளி என்று சொல்லி விற்பது தவறு. சந்தேகம் இருந்தால் இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். இப்படி உருகுவது தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கைக்குழந்தைக்குப் பின்னக் கேட்பவர்களுக்குப் பருத்தி நூலையே எடுத்துக் கொடுப்பது நல்லது. நமது ஊர் உஷ்ணத்துக்கும் அதுதான் ஏற்றது.

கடைக்காரருக்கு அதிகத் தகராறு வருவது நிறத்தில். ஒரே சிவப்பு என்றாலும் சாயம் போட்ட தொட்டி மாறினால் சாயல் மாறும். பந்தின் லேபிளில் லாட் எண் இருக்கும். பாதி பின்னிய பிறகு 'இன்னும் ஒரு பந்து' என்று வருபவருக்கு வேறு லாட் கொடுத்தால், பின்னியதில் கோடு விழுந்தது போலத் தெரியும். அந்த அம்மாள் பின்னிய உழைப்பும் வீண், உங்கள் வாடிக்கையும் போச்சு. எனவே வாங்கும்போதே எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். பச்சைக் குழந்தையின் ஸ்வெட்டர், குல்லாய்க்கு நாலு இழை நூல் சுமார் 100 முதல் 150 கிராம் போதும். ஒரு பந்து கூடுதலாகக் கொடுத்து, பிரிக்காமல் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லலாம்.

கோனாக வாங்குகிறவர்கள் அட்டைக் குழாயின் எடையைக் கழிக்கத் தவறக்கூடாது. கிலோ 400 ரூபாய் என்றும், குழாய் 50 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கோனுக்கு 20 ரூபாய் அட்டைக்குப் போகிறது. அதே கணக்கு வாடிக்கையாளருக்கும் பொருந்தும். பாக்கெட்டில் போட்டிருக்கும் எடை நிகர எடையாகத்தான் இருக்க வேண்டும்.

ஊசி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பழைய நம்பர் முறையில் எண் கூடினால் ஊசி மெல்லியதாகும். 8ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர். 10ஆம் நம்பர் 3.25 மில்லிமீட்டர். புதிய ஊசிகளில் மில்லிமீட்டர் மட்டும் அச்சிட்டு வருகிறது. இந்த இரண்டையும் ஒரு அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டால் போதும்.

வரியைப் பொறுத்தவரை, செயற்கை இழை நூலுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 22-9-2025 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. பருத்தி நூலுக்கு முன்பே 5 சதவீதம்தான். கொள்முதல் பில்லில் பழைய விகிதம் இருந்தால் உடனே கேளுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. கொடுத்த வரி முழுதும் அடக்க விலையில் ஏறிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இருபது நிறம் வாங்கி முதலை முடக்க வேண்டாம். தோரணத்துக்கும் மாலைக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை இந்த நான்கே பெரும்பாலும் ஓடும். நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பே ஒரே லாட்டில் பார்த்து எடுத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வாசலில் தொங்கவிட்ட பந்து நிறம் வெளுத்தால் அதை மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.