தொடைத் தோலின் குழிகளும் அவற்றுக்குக் கூறப்படும் சிகிச்சைகளும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கி வடக்கே செல்லும் கரையோர வீதியில், நிலாவெளியைக் கடந்த சிறிது தூரத்தில், களப்பு நீர் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்திருக்கும் இறக்கக்கண்டி, வள்ளத்தையும் வலையையும் நம்பிச் சீவிக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர்; ஆயினும், அதற்குத் தெற்கே விரிந்து கிடக்கும் மணற்கரையில் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகள் பெருகியிருப்பதாலும், கைத்தொலைபேசி நுழையாத வீடே இல்லையென்று சொல்லத்தக்க காலம் வந்துவிட்டதாலும், உலகத்துச் சௌந்தரிய வியாபாரத்தின் விளம்பரங்கள் யாவும் கொழும்பு மாநகரத்துப் பெண்ணை எட்டும் அதே வேகத்தில் இவ்வூர்ப் பெண்ணையும் எட்டுகின்றன. தொடையிலும் பிட்டத்திலும் தோல் சமனற்றுக் குழிகுழியாகத் தோன்றும் ‘செலுலைட்’ என்னும் நிலையைப் பெரிய சத்திரசிகிச்சை எதுவுமின்றி, ஊசியாலோ ஒளியாலோ ஒரே நாளில் போக்கிவிடலாம் என்பது அவ்விளம்பரங்களுள் ஒன்று. இது எந்த அளவுக்கு உண்மை என்பதை, அச்சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சாதாரண வாசகருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பது அவசியமென்று கருதுகிறேன். ஏனெனில், தன் சரீரத்தைப் பற்றி ஒரு பெண்ணுக்குள்ள மனவருத்தத்தை அற்பமென்று ஒதுக்குவதும் தவறு, அவ்வருத்தத்தையே மூலதனமாக்கிக் காசு பறிப்பதும் தவறு.

செலுலைட் ஒரு நோயன்று. பருவமடைந்த பெண்களுள் நூற்றுக்கு 80 முதல் 90 பேரிடம் ஏதோ ஓர் அளவிற் காணப்படுவதும், உடல் மெலிந்தவர்களையும் விடாததும், ஆண்களிடம் அரிதாகவே தோன்றுவதுமான ஓர் இயல்பை வியாதி என்று அழைப்பது பொருந்தாது. பிரான்சு தேசத்து வைத்தியர்கள் 1920 ஆம் ஆண்டளவிலேயே இதனை வர்ணித்திருந்தார்களாயினும், இதன் உட்கட்டமைப்பைப் பலருக்கும் விளங்கவைத்தது 1978 இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கட்டுரையே. தோலுக்கும் அதன் ஆழத்திலுள்ள உறைக்கும் இடையே கொழுப்பைச் சிறுசிறு அறைகளாகப் பிரிக்கும் நார்கள் ஆண்களிடம் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்க, பெண்களிடம் அவை பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன என்று அவர்கள் காட்டினர். இலவம்பஞ்சு மெத்தையில் நூலைக் குத்தி இறுக்கிய இடங்கள் பள்ளமாகவும், இடையிலுள்ள பஞ்சு பிதுங்கி மேடாகவும் தோன்றுவதுபோல, நார் இழுக்கும் இடத்தில் தோல் குழிகிறது, நாருக்கு நடுவே கொழுப்பு மேலெழுகிறது. வயது ஏற ஏறத் தோல் மெலிந்து தளர்வதால் அந்த மேடுபள்ளம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

இந்த விளக்கத்தை மனத்திற் பதித்துக்கொண்டவருக்கு, எந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அது அந்த நாரைத் தொடுகிறதா, கொழுப்பை மட்டும் தொடுகிறதா, அல்லது தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறதா என்று கேட்டுப் பார்க்க முடியும். கோப்பிச் சத்துச் சேர்த்த பூச்சுகளும் உருளைகளால் உருட்டிப் பிசையும் இயந்திரங்களும் மேற்பரப்போடு நின்றுவிடுபவை. அவற்றாற் கிடைக்கும் நன்மை, கிடைத்தாலும், சில நாட்களில் மறைந்துபோவது. குழாய் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் முறையோ, உடலின் வடிவத்தை மாற்ற வல்லதேயன்றி, நாரை விட்டுவிட்டுக் கொழுப்பை மட்டும் குறைப்பதாற் சிலருக்குக் குழிகளை முன்னிலும் அதிகமாக்கிவிடுவதும் உண்டு.

நாரையே நேராக அறுத்துவிடும் முறையைச் செலுலைட்டுக்குப் பிரசித்தமாக்கியவர் பிரேசில் நாட்டுச் சருமநோய் வைத்தியரான டோரிஸ் ஹெக்செல். தழும்புகளின் பள்ளத்தை உயர்த்துவதற்கு 1995 இல் அமெரிக்காவின் ஒரென்ட்ரைக் என்னும் தந்தையும் மகனும் விவரித்த உத்தியை எடுத்துக்கொண்டு, விறைப்பூசி போட்டபின், தடித்த ஓர் ஊசியைத் தோலின் அடியிற் கிடையாகச் செலுத்தி, குழியை இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அதன் கூரிய ஓரத்தால் அறுக்கும் வழியை அவரும் அவருடைய சகவைத்தியர் மாற்சூக்கோவும் 2000 ஆம் ஆண்டில் 232 பெண்களின் அனுபவத்தோடு வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 79 பேர் ஒரே அமர்வில் திருப்தியடைந்ததாகக் கூறினர். செலவு அதிகமற்ற இம்முறையின் பலவீனம் யாதெனில், எல்லாம் வைத்தியரின் கையைப் பொறுத்தது என்பதே: ஆழம் சிறிது தவறினாலும், அளவுக்கு மிஞ்சி அறுத்தாலும், இரத்தம் தேங்கிக் கட்டியாவதும் தோல் வேண்டாதபடி தொங்குவதும் நேரலாம்.

அந்தக் குறையை நீக்கவென்று வந்ததுதான், 2015 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்ற ‘செல்ஃபீனா’ என்னும் கருவி. அது தோலை வெற்றிடத்தால் ஒரு கிண்ணத்துக்குள் இழுத்து அசையாமல் நிறுத்திக்கொண்டு, 6 அல்லது 10 மில்லிமீற்றர் ஆழத்தில் மட்டும் ஒரு நுண்ணிய அலகை ஓட்டுகிறது; 55 பெண்களிடம் செய்த பரிசோதனையில் அதன் பயன் பிற்காலத்தில் மூன்று ஆண்டுவரை நிலைத்ததாக ஒப்புக்கொள்ளப்பட்டது. நான் அறிந்தவரையில், ஒரே அமர்வில் இவ்வளவு நீண்ட காலத்துக்குச் சான்றுள்ள முறைகள் மிகச் சிலவே. ஆனால் தனித்தனியாகத் தெரியும் ஆழ்ந்த குழிகளுக்கே அது ஏற்றதேயன்றி, அலையலையாகத் தளர்ந்த தோலுக்கு ஏற்றதன்று என்பதை விளம்பரக்காரர் சொல்ல மறந்துவிடுகின்றனர். 2012 இல் அனுமதி பெற்ற ‘செல்லுலேஸ்’ என்னும் லேசர் முறை, மெல்லிய ஒளியிழையைத் தோலடியிற் செலுத்தி, 1440 நானோமீற்றர் அலைநீள ஒளியால் மேலெழுந்த கொழுப்பை உருக்கி, நாரைத் துண்டித்து, தோலின் அடிப்பாகத்தையும் சூடாக்குவதால் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்கிறது. உள்ளிருந்து சுடும் உபாயமாதலால், தேர்ச்சி குறைந்த கையில் அது தீப்புண்ணாகவும் முடியக்கூடும்.

இந்தச் சரித்திரத்தில் அதிகம் சிந்திக்கவைப்பது ஓர் ஊசிமருந்தின் கதை. ஒருவகைப் பக்ரீரியாவிலிருந்து பெறப்படும் கொலாஜனேஸ் என்னும் நொதி, நாரின் மூலப்பொருளான கொலாஜனைக் கரைக்க வல்லது. விரல்களை மடக்கிவிடும் டூப்புய்ட்ரன் வியாதிக்கு 2010 முதல் அமெரிக்காவிற் பயன்பட்டுவந்த அம்மருந்து, ‘குவோ’ என்னும் பெயருடன் 2020 ஜூலையில், பெண்களின் பிட்டத்துச் செலுலைட்டுக்கென அங்கே அனுமதி பெற்றது. அறுவையில்லை, மயக்கமில்லை, மூன்று வார இடைவெளியில் மூன்று அமர்வுகள் என்றவுடன் உலகமே ஆவலோடு வரவேற்றது. ஆனால் 843 பெண்கள் பங்குபற்றிய இரண்டு பெரும் பரிசோதனைகளில், வைத்தியரும் பெண்ணும் ஒருங்கே இரண்டு படி முன்னேற்றம் கண்டதாக ஒப்புக்கொண்டது ஒன்றில் நூற்றுக்கு 7.6, மற்றதில் 5.6 பேரிடம் மாத்திரமே. வெறும் நீர்மருந்து பெற்றவர்களிடம் அது 1.9, 0.5 ஆக இருந்தது. ஊசி போட்ட இடம் கன்றி நீலம்பாரித்ததோ நூற்றுக்கு 84 பேருக்கு. அக்கன்றல் சிலரிடம் நீங்கிய பின்னரும் தோலிற் கறையாகத் தங்கக்கூடும் என்ற கவலை வலுத்தமையால், தயாரித்த எண்டோ கம்பனியே 2022 டிசெம்பரில் அதனை நிறுத்திவிடுவதாக அறிவித்தது.

கறையைப் பற்றிய அந்தக் கவலை நம்மவருக்கு இன்னும் அதிகமாக உரியது. கன்றிய இரத்தத்திலுள்ள இரும்புச் சத்துத் தோலிற் படிவதும், காயம் ஆறியபின் அவ்விடம் கருமை கொள்வதும் எந்நிறத்தவருக்கும் நேரலாமாயினும், மாநிறமும் கருநிறமும் உள்ள நமது தோலிற் பின்னது எளிதில் உண்டாகி மாதக்கணக்கில் நிலைக்கிறது. தழும்பு தடித்து வளரும் சுபாவமும் நம்மிடையே அதிகம். மேலே கூறிய பரிசோதனைகளிற் பங்குபற்றியோரிற் பெரும்பாலார் வெண்ணிறத்தவராதலால், அவர்களுக்குக் கிடைத்த திருப்தியின் கணக்கை அப்படியே எடுத்து ஒரு கிழக்கிலங்கைப் பெண்ணின் முன் வைப்பது நியாயமாகாது. குழி ஒன்று மறைந்து அதற்கு ஈடாகக் கரும்புள்ளி ஒன்று நிலைத்தால், அப்பெண் இழந்தது பணம் மாத்திரமன்று.

ஏனைய முறைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். கல்சியம் கலந்த நிரப்புமருந்தை ஐதாக்கி ஊசியால் ஏற்றினால், தோல் தடித்துக் குழிகள் ஓரளவு மங்குவதுண்டு. அது காலப்போக்கிற் கரைந்துவிடும். பல மருந்துகளைக் கலந்து சிறு ஊசிகளால் தோலிற் செலுத்தும் ‘மீசோதெரபி’ என்னும் முறையைப் பிரான்சின் மிஷெல் பிஸ்தோர் 1952 இல் தொடங்கினார். செலுலைட்டில் அதன் பயனுக்குத் தக்க சான்றில்லை என்பதோடு, சுத்தம் தவறிய இடங்களில் எளிதில் ஆறாத கிருமிக்கட்டிகள் பலருக்கு உண்டானதும் வைத்திய ஏடுகளிற் பதிவாகியிருக்கிறது. அழகுநிலையங்களில் இதற்கு இடங்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இறக்கக்கண்டியிலிருந்து ஒருத்தி இவற்றுள் எதையேனும் விரும்பிக் கொழும்புக்குச் செல்வாளாயின், 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பிரயாணம் ஒரு தடவையோடு முடிவதன்று. இரத்தம் கட்டினாலும் சீழ் வைத்தாலும் செய்தவரிடமே திரும்பிப் போகவேண்டியிருக்கும். ஆகையால், ஊசி பிடிப்பவர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவுபெற்ற வைத்தியரா, அவர் மாநிறத் தோலில் இதைச் செய்து பழகியவரா என்பவற்றை முன்கூட்டியே கேட்டறிவது அவளுடைய உரிமை. இதயத்துக்கென்று அஸ்பிரின் போன்ற இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுப்பதையும், நீரிழிவு இருப்பதையும் மறைக்காமற் சொல்வது அவளுடைய கடமை. நாரை அறுத்தபின் இறுக்கமான காற்சட்டையைச் சில வாரங்களுக்கு அணிந்திருக்கச் சொல்வது வழக்கமாதலால், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களைத் தவிர்த்துக்கொள்வதும் நல்லது. ஊசித் துவாரங்கள் முற்றாக மூடும்வரை களப்பிலோ கடலிலோ இறங்கலாகாது. அந்நீரிலிருந்து கிருமி புகுந்தால், இதனோடு பெயரில் மட்டும் ஒத்த, உயிருக்கே ஆபத்தான ‘செலுலைற்றிஸ்’ என்னும் தோலடி அழற்சி உண்டாகலாம். கால் சிவந்து, சூடேறி, நொந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், அது ஊசி போட்டவளுக்கு வந்தாலென்ன, களப்பில் மட்டி பொறுக்கும்போது பாதத்தில் ஓடு கீறியவளுக்கு வந்தாலென்ன, விடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே திருகோணமலை வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.